கியர் இல்லாத சின்ன குரூசர்: ஆறு ரோலர்கள் செய்யும் வேலை

ஆட்டோமேட்டிக் குரூசர் (தாழ்ந்த இருக்கையோடு நிதானமாக ஓட்டும் பைக்) என்று விற்கப்படுவதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. ஹோண்டா ரெபல் 1100-இல் வரும் டி.சி.டி. இரண்டு கிளட்ச் கொண்ட நிஜ கியர்பாக்ஸ். ஹோண்டாவின் இன்னொரு அமைப்பான ஈ-கிளட்ச், கிளட்சை மட்டும் மோட்டாரால் இயக்கும். கியரைக் காலால்தான் போட வேண்டும். அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் ரிட்லி நிறுவனம் செய்த குரூசர்களில் இருந்தது சி.வி.டி., அதாவது கியர்ப் படிகளே இல்லாமல் இரண்டு புல்லிகளும் ஒரு பெல்ட்டும் வேகத்துக்கு ஏற்ப மாறிக்கொள்ளும் அமைப்பு. சின்ன வண்டிக்கு மலிவான வழி இதுதான். நம் ஸ்கூட்டரில் இருப்பதும் இதுவே.

ஸ்கூட்டரில் எஞ்சின், பெல்ட் பெட்டி, பின்சக்கரம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ஆடும். குரூசரில் எஞ்சினை ஃபிரேமிலேயே போல்ட் போட்டு முடுக்கி, சி.வி.டி.யிலிருந்து செயின் வழியாகச் சக்கரத்தைச் சுழற்றலாம். சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைவதால் பள்ளங்களில் முதுகு தப்பிக்கும்.

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் முன் புல்லிக்கு வேரியேட்டர் என்று பெயர். அதற்குள் பெரும்பாலும் ஆறு ரோலர்கள் இருக்கும். எஞ்சின் சுற்று ஏற ஏற அவை வெளியே தள்ளப்பட்டு, புல்லித் தட்டை நெருக்கும். பெல்ட் விளிம்பை நோக்கி மேலே ஏறும். பின் புல்லியில் அதற்கேற்ப உள்ளே இறங்கும். அதைத் தடுக்கப் பார்ப்பது பின்னால் இருக்கும் ஸ்பிரிங். மேட்டில் சுமை கூடினால், பின் புல்லியின் சாய்ந்த பள்ளங்கள் தட்டுகளை இறுக்கிப் பெல்ட்டைத் திரும்ப வெளியே ஏற்றும். கியர் குறைப்பது இங்கே இப்படித்தான்.

வண்டியின் குணம் ரோலர் எடையில் இருக்கிறது. ரோலரின் தள்ளுவிசை எடைக்கும் சுற்றின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும். 12 கிராம் ரோலரோடு நிமிடத்துக்கு 5,500 சுற்றில் நிற்கும் எஞ்சின், 11 கிராம் போட்டால் ஏறக்குறைய 5,750-க்குப் போகும். பிக்கப் கூடும், ஆனால் இரைச்சலும் கூடும். குரூசருக்கு லேசான ரோலர் போடுவது என் கணக்கில் வீண் வேலை. நிதானமாக இழுப்பதற்குத்தானே அந்த வண்டி!

பெல்ட் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது, தடிமன் அளக்கும் காலிப்பரால்தான் பிடிபடும். புல்லியின் இரண்டு தட்டுகளும் தலா 14 டிகிரி சாய்ந்திருந்தால், பெல்ட் அகலம் 1 மி.மீ. குறைந்தாலே அது சுமார் 2 மி.மீ. உள்ளே உட்காரும். டாப் ஸ்பீடு அங்கேதான் தொலைகிறது. சோதிக்க ஒரு வழி: கவரைக் கழற்றி, வேரியேட்டர் தட்டில் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். கவரை மாட்டி முழு வேகத்தில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பெல்ட் தொட்ட இடமெல்லாம் கோடு அழிந்திருக்கும். விளிம்பில் கோடு அதிகம் மிச்சமிருந்தால் பெல்ட்டோ ரோலரோ போய்விட்டது என்று அர்த்தம். ஒரு பக்கம் தட்டையாகிப்போன ரோலர் பள்ளத்தில் சறுக்கும், உருளாது.

பின் புல்லியோடு ஒரு கிளட்ச் உண்டு: சுற்று ஏறினால் அதன் ஷூக்கள் விரிந்து, சுற்றியிருக்கும் டிரம்மைப் பிடிக்கும். கிளம்பும்போது வண்டி உதறினால் கிளட்ச் ஷூவில் தூசி, அல்லது ஷூ பளபளப்பாகிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டிரம்மைத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். கிரீஸ் தடவச் சொல்லாத ரோலரில் கிரீஸ் தடவாதீர்கள். அது பெல்ட்டில் பட்டால் வழுக்கும். வெள்ளத்தில் ஓட்டிப் பெட்டிக்குள் தண்ணீர் போனாலும் அதே கதைதான்.

மலைச்சாலையில் இறங்கும்போதுதான் கவனம் அதிகம் தேவை. சுற்று குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் கிளட்ச் ஷூ டிரம்மை விட்டுவிடும். எஞ்சின் பிரேக்கிங் சட்டென்று காணாமல் போகும். அந்த நேரத்தில் கொஞ்சம் ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஷூ மறுபடி பிடிக்கும், பிறகு விட்டுவிடலாம். பேட்டரி செத்துப்போனால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது, காரணம் அதே ஷூதான்.