பான்யாவுக்குத் தமிழில் என்ன சொல்வது?

பான்யா என்பது ரஷ்யர்களின் வேர்வைக் குளியல். அந்தக் குளியல் நடக்கும் இடத்துக்கும் அதே பெயர்தான். எழுதும்போது முதலெழுத்தை நெடிலாகவே எழுதுங்கள். பனியா என்று எழுதினால் வட இந்திய வணிகர்தான் நினைவுக்கு வருவார். நாம் சட்டைக்குள் போடும் பனியன் அந்த வணிகர் பெயரிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போய்ச் சுற்றி வந்த சொல். பான்யாவுக்கும் பனியனுக்கும் உள்ள ஒரே உறவு, உள்ளே போகுமுன் அதைக் கழற்றியாக வேண்டும் என்பதுதான்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். குளிக்கும் இடத்துக்குக் கிரேக்கத்தில் பலனெயோன் என்று பெயர். அது லத்தீனுக்குப் போய் பல்னேயும் ஆனது, பாமரர் வாயில் இன்னும் தேய்ந்து பானேயும் ஆனது. இத்தாலியரின் பாஞோ, பிரெஞ்சுக்காரரின் பேன், ஸ்பானியரின் பாஞோ எல்லாம் இதன் பிள்ளைகள். ஸ்லாவிய மொழிகளுக்கு வந்த பிள்ளைதான் பான்யா என்பதே சொல்லாராய்ச்சியாளர் பலரின் முடிவு.

பெயர் தெற்கிலிருந்து வந்தாலும் வழக்கம் வடக்கின் காட்டு மண்ணுக்கு உரியது. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவ் நகரில் தொகுக்கப்பட்ட பழைய வரலாற்றுக் குறிப்பேட்டில் ஒரு கதை இருக்கிறது. இயேசுவின் சீடர் அந்திரேயா வட ரஷ்யாவின் நோவ்கொரோத் பக்கம் போய்விட்டு ரோமுக்குத் திரும்பி, தான் கண்ட அதிசயத்தைச் சொல்கிறார். அங்குள்ளவர்கள் மரத்தால் குளியல் வீடு கட்டி, அதைப் பழுக்கக் காய்ச்சி, அம்மணமாக உள்ளே போய், இளங்கிளைகளால் தங்களைத் தாங்களே அடித்துக்கொள்கிறார்களாம். குற்றுயிராக வெளியே வந்து தண்ணீரை ஊற்றிக்கொண்ட பிறகுதான் மூச்சு வருகிறதாம். யாரும் அவர்களை வதைக்கவில்லை, அவர்களே வதைத்துக்கொள்கிறார்கள் என்று முடிக்கிறார். கதை கட்டுக்கதைதான். ஆனால் எழுதியவருக்குப் பான்யா நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் அதில் ஒன்றும் மாறவில்லை.

சரி, இதைச் சானா என்று சொன்னால் போதாதா? ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் வீட்டுக்குப் பேசும்போது அப்படித்தான் சொல்கிறார்கள். சானா பின்லாந்துக்காரரின் சொல். இரண்டும் உறவுமுறை உள்ள வழக்கங்கள் என்றாலும் வெக்கையின் தன்மை வேறு. சானாவில் பெரும்பாலும் 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை வெப்பம் இருக்கும், காற்று உலர்ந்திருக்கும். பான்யாவில் வெப்பம் சற்றுக் குறைவு, 60 முதல் 80 பாகை என்று வையுங்கள். ஆனால் ஈரம் மிக அதிகம். கமென்கா எனப்படும் கல்லடுப்பில் கற்களை மணிக்கணக்காகக் காயவைத்து, அகப்பையால் வெந்நீரை மொண்டு வீசுவார்கள். எழும் ஆவி கூரைக்குப் போய் முட்டும். அதனால்தான் படிப்படியாக உயரும் மரத்திட்டில் மேல்படிக்கு ஏற ஏறச் சூடு கூடும். பழகினவர்களே மேலே போவார்கள், அதுவும் தலை கொதிக்காமலிருக்கக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு. அம்மணத்தோடு தொப்பி என்பது முதல்முறை பார்ப்பவருக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

அந்த அறைக்குப் பார்னயா என்று பெயர், பார் என்றால் ஆவி. குளித்து முடித்தவரைப் பார்த்து ரஷ்யர்கள் 'ஸ் ல்யோக்கிம் பாரம்' என்பார்கள். நேர்ப் பொருள், 'மெல்லாவியோடு'. கல் நன்றாகக் காய்ந்திருந்தால் ஆவி கண்ணுக்குத் தெரியாமல், மூச்சை அடைக்காமல் மெலிதாக எழும். அரைகுறையாகக் காய்ந்த கல்லில் ஊற்றினால் கனத்த ஈரப்புகைதான் வரும். அந்த மெல்லாவி உனக்கு வாய்த்ததா என்ற நலம் விசாரிப்பு இது. நாமும் தீபாவளிக் காலையில் 'கங்கா ஸ்நானம் ஆச்சா?' என்று கேட்கிறோமே, அந்த வகை. நமக்கு ஆண்டுக்கொரு முறை, அவர்களுக்கு ஒவ்வொரு குளியலுக்கும்.

ஆவி என்ற நம் சொல்லையும் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சானாக் கல்லில் எழும் ஆவியைப் பின்லாந்துக்காரர் லோய்லூ என்பார்கள். அதன் உடன்பிறப்பான ஹங்கேரியச் சொல் லேலெக், அதற்குப் பொருள் ஆன்மா. தமிழில் ஆவிக்கு நீராவி என்றும் பொருள், உயிர் என்றும் பொருள். மொழிக்குடும்பம் வேறாக இருந்தும் எண்ணம் ஒன்றாகப் போயிருக்கிறது. ரஷ்யக் கிராமத்தாரோ பான்யாவுக்குள் பான்னிக் என்றொரு ஆவி குடியிருப்பதாக நம்பினார்கள். எல்லாரும் குளித்த பிறகு கடைசி முறையை அதற்கு விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். ஆவிக்கு ஆவி!

அதனால்தான் 'ஆவிக்குளியல்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது, பேய் குளிப்பதுபோல் ஒலிக்கிறது. 'நீராவிக் குளியல்' தவறில்லை. ஆனால் தங்கும் விடுதியின் உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டிய ஓடு பதித்த அறைதான் கண்ணில் வருகிறது. அதில் தழை இல்லை. தழை இல்லாமல் பான்யா இல்லை. ஆங்கிலத்தில் பர்ச் எனப்படும் பூர்ச்ச மரத்தின் இலைக்கொத்துகளைக் கோடையில் ஒடித்துக் கட்டி உலர்த்தி, வேண்டும்போது ஊறவைத்து, உடம்பில் தட்டுவார்கள். ஓக் தழையும் உண்டு. இந்தக் கட்டுக்கு வேனிக் என்று பெயர். வீடு பெருக்கும் துடைப்பத்துக்கும் ரஷ்ய மொழியில் வேனிக்தான்! தமிழில் குழைக்கட்டு என்று சொல்லலாம், வேப்பங்குழை என்கிறோமே, அந்தக் குழை. இன்னொன்று, பூர்ச்ச மரத்தின் ரஷ்யப் பெயர் பெர்யோசா. வடமொழியிலிருந்து நம்மிடம் வந்த பூர்ச்சமும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை.

எனவே நான் முன்வைக்கும் சொல் வேது. சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளில் ஒற்றடம், பற்று, பூச்சு இவற்றோடு வேதும் ஒன்று. நொச்சித்தழையைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் உட்கார்ந்து பாட்டி பிடிக்கச் சொல்வாரே, அதுதான் வேது பிடித்தல். வெம்மை, வெந்நீர், வெதுவெதுப்பு எல்லாம் இதன் சுற்றம். வெப்பம், ஆவி, தழை மூன்றும் இந்த இரண்டெழுத்துக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. நம்மூரில் தழை பானைக்குள், அங்கே கைக்குள், அவ்வளவுதான் வேறுபாடு.

குளியலையும் விட்டுவிட வேண்டாம். முத்துக்குளித்தல் என்கிறோமே, குளித்தல் என்றால் பழைய பொருள் மூழ்குதல். பான்யாவில் வெந்து வெளியே வந்ததும் குளிர்நீர்த் தொட்டியிலோ உறைந்த ஆற்றில் வெட்டிய குழியிலோ முங்கி எழுவார்கள், பனியில் புரள்வோரும் உண்டு. பிறகு தேநீர், அரட்டை, மறுபடி உள்ளே. ஆகவே முழுச் சொல் வேதுக்குளியல். பார்னயா வேது அறை. மாஸ்கோவின் சந்தூனி போன்ற பொதுக் குளியல் இடத்தை வேதுக்குளியல் கூடம் எனலாம். சந்தூனி 1808-இல் சீலா சந்தூனோவ் என்ற நாடக நடிகர் தொடங்கியது, இப்போதுள்ள அரண்மனை மாதிரிக் கட்டடம் 1896-இல் எழுந்தது. 'சனிக்கிழமை நண்பர்களோடு வேதுக்குளியலுக்குப் போனேன்' என்று எழுதிப் பாருங்கள், வாயில் இடறவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் இந்தச் சொல்லை நுழைத்துவிடாதீர்கள். ரஷ்யர் ஒருவர் எரிச்சலோடு 'இதீ வ் பான்யு' என்றால், நேர்ப் பொருள் 'பான்யாவுக்குப் போ'. அவர் உங்களைக் குளிக்க அழைக்கவில்லை. அதற்கு 'போய் வேலையைப் பாரு' என்பதே சரியான தமிழ்.