மெமரி: நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு

"ஃபோன்ல மெமரி ஃபுல் ஆயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், படங்களும் வீடியோக்களும் நிரம்பி இடமில்லை என்று பொருள். அவரே கடைக்குப் போய் "மெமரி அதிகமா இருக்கிற ஃபோன் காட்டுங்க" என்றால், கடைக்காரர் 8 ஜிபி ரேம் உள்ள ஃபோனை எடுத்து வைக்கிறார். சொல் ஒன்று, இருவரும் நினைக்கும் பொருள் வேறு. இடமில்லாமல் தவித்தவர் ரேம் கூடுதலான ஃபோனோடு வீடு திரும்புகிறார். சில மாதத்தில் பழைய தொல்லை மறுபடி தொடங்குகிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இரண்டு நல்ல சொற்கள் தமிழில் இருக்கின்றன. ஒன்று நினைவகம்: ஓடும் செயலிகள் தற்காலிகமாகத் தங்கும் ரேம். மற்றது சேமிப்பகம்: படங்களும் கோப்புகளும் நிலையாக இருக்கும் இடம்.

மெமரி என்பதன் வேர் இலத்தீன். 'மெமோர்' என்றால் நினைவில் வைத்திருப்பவர், 'மெமோரியா' என்றால் நினைவு. கணிப்பொறிக்கு இந்தச் சொல் முதலில் வழங்கவில்லை. 1830களில் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்புப் பொறி என்ற கணக்கிடும் இயந்திரத்தில் எண்களை வைத்திருக்கும் பகுதிக்கு 'ஸ்டோர்' என்றும், கணக்கிடும் பகுதிக்கு 'மில்' என்றும் பெயர். ஒன்று கிடங்கு, மற்றது ஆலை. 1945இல் எட்வாக் என்ற தொடக்ககாலக் கணிப்பொறி பற்றிய அறிக்கையில் கணித அறிஞர் ஜான் வான் நாய்மன் பொறியின் உறுப்புகளை மனித நரம்பு மண்டலத்தோடு ஒப்பிட்டு எழுதினார். அந்த ஒப்புமையில் இயல்பாகப் பொருந்திய 'மெமரி' என்ற சொல் பின்னர் உலகமெங்கும் நிலைத்துவிட்டது. தகவலை வைத்திருக்கும் எதையும் மெமரி என்று அழைக்கும் பழக்கமும் கூடவே வந்தது. மெமரி கார்டு என்ற பெயரும் அப்படி வந்ததுதான். அதற்குள் இருப்பது சேமிப்பகம்.

ரேம் என்பது 'ராண்டம் ஆக்சஸ் மெமரி' என்பதன் முதலெழுத்துச் சுருக்கம். இதில் தமிழாக்கத்தைத் தடுமாற வைத்தது 'ராண்டம்' என்ற சொல். பழைய பிரெஞ்சில் 'ராந்தோன்' என்றால் கட்டற்ற வேகப் பாய்ச்சல். அதிலிருந்து 'இலக்கின்றி' என்ற பொருள் வளர்ந்தது. புள்ளியியலில் இதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'சமவாய்ப்பு' என்கின்றன, இலங்கையில் 'எழுமாற்று' என்பார்கள். ஆனால் ரேமில் வாய்ப்புக்கோ தற்செயலுக்கோ வேலையே இல்லை. காந்த நாடாவில் நடுவிலுள்ள ஒரு தகவல் வேண்டுமென்றால் அதுவரை நாடாவைச் சுற்றியாக வேண்டும். ரேமில் எந்த இடத்தைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிடைக்கும். வரிசை பாராமல் அணுகலாம் என்பதுதான் அங்கே 'ராண்டம்'. 'தற்போக்கு அணுகு நினைவகம்', 'நேரடி அணுகு நினைவகம்' என்ற தமிழாக்கங்களில் பின்னதே கருத்தைச் சரியாகச் சொல்கிறது. அன்றாடப் பேச்சுக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை, நினைவகம் என்றாலே போதும். நூலகம், மருந்தகம் போல நினைவு தங்கும் அகம். தலைவர்களின் நினைவிடத்தையும் நினைவகம் என்பது உண்டுதான், ஆனால் ஃபோனைப் பற்றிய பேச்சில் அந்தக் குழப்பம் வராது.

பெட்டிகளில் '4 ஜிபி ரேம், 64 ஜிபி ரோம்' என்று அச்சிடுகிறார்களே, அந்த 'ரோம்' தவறான வழக்கு. ரோம் என்றால் படிக்க மட்டுமே முடிகிற நினைவகம். நாம் நாள்தோறும் படம் எழுதி அழிக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? அங்கே இருப்பது ஃபிளாஷ் சில்லு. ஃபிளாஷ், மின்சாரத்தால் அழித்தெழுதக்கூடிய ரோம் வகையிலிருந்து வளர்ந்தது என்பதால் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குச் சரியான சொல் சேமிப்பகம். ஆண்ட்ராய்டு அமைப்புகளைத் தமிழில் வைத்தால் அந்தச் சொல்லையே காணலாம். 'க்ஷேமம்' என்ற வடசொல் தமிழில் 'சேமம்' ஆகிக் காவல், பாதுகாப்பு என்ற பொருளில் வழங்கியது. அதன் வழி வந்த 'சேமி' என்பதில், அழியாமல் காப்பது என்ற கருத்தும் சேர்ந்தே இருக்கிறது.

வேறுபாட்டின் உயிர்நாடியும் அந்த அழியாமைதான். ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டு 1968இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பே இன்றைய ரேமுக்கு அடிப்படை. 0 அல்லது 1 என்ற ஒரு பிட் தகவலுக்கு ஒரு டிரான்சிஸ்டர், மின்னூட்டத்தைத் தாங்கும் ஒரு மின்தேக்கி. மின்தேக்கியிலிருந்து மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் போயிற்று. தோஷிபாவில் புஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ், மின்சாரம் இல்லாமலும் ஆண்டுக்கணக்கில் தகவலைத் தாங்கும். ஆனால் மெதுவானது. ரேமில் ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ நொடி என்றால், ஃபிளாஷில் சுமார் 100 மைக்ரோ நொடி. அதாவது ஆயிரம் மடங்கு.

இந்த எண் தெரிந்தால், 4 ஜிபி ரேம் உள்ள ஃபோனை '4+4 ஜிபி' என்று விற்கும் விளம்பரத்தின் உண்மையும் விளங்கும். கூடுதல் 4 ஜிபி என்பது சேமிப்பகத்தில் ஒதுக்கிய இடம். நெடுநேரம் தொடாத செயலிகளின் தகவலை அங்கே தள்ளி வைக்கலாம், அவ்வளவே. உண்மையான 8 ஜிபி நினைவகத்துக்கு அது ஈடாகாது. ஓயாமல் எழுதுவதால் ஃபிளாஷும் தேயும். 64 ஜிபி மட்டுமே உள்ள ஃபோனில் இந்த வசதியை அணைத்துவிடுவதே நல்லது.

எது போதவில்லை என்பதை அறிகுறி காட்டும். பணம் அனுப்பும் செயலியிலிருந்து வெளியே வந்து ஓடிபி பார்த்துவிட்டுத் திரும்பினால் செயலி முதலிலிருந்து தொடங்குகிறதா? பாட்டு பாதியில் நிற்கிறதா? விசைப்பலகை வரத் தாமதமாகிறதா? அது பெரும்பாலும் நினைவகக் குறை. நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டு பின்னணிச் செயலிகளை நிறுத்துகிறது. படம் பதிவாகவில்லை, செயலி புதுப்பிப்பு இறங்கவில்லை என்றால் சேமிப்பகக் குறை. சேமிப்பகம் விளிம்புவரை நிரம்பினால் ஃபோன் முழுவதுமே தள்ளாடும். ஃபிளாஷில் பழையதை அழித்துப் புதியதை எழுதக் காலியிடம் வேண்டும். 10 முதல் 15 விழுக்காடு எப்போதும் காலியாக இருக்கட்டும்.

அண்மைச் செயலிகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி மூடுவதால் பயனில்லை. ரேமைக் காலி செய்து தருவதாகச் சொல்லும் ரேம் பூஸ்டர் செயலிகளும் அப்படித்தான். நினைவகத்தில் இருப்பதை எழுப்புவது எளிது, சேமிப்பகத்திலிருந்து மறுபடி ஏற்றுவதற்குத்தான் நேரமும் பேட்டரியும் கூடுதலாகச் செலவாகும்.

எவ்வளவு வேண்டும்? 2007இல் வந்த முதல் ஐஃபோனில் 128 எம்பி ரேம்தான். இன்று எளிய ஃபோன்களுக்கான ஆண்ட்ராய்டு 13 கோ பதிப்புக்கே குறைந்தது 2 ஜிபி தேவை. அழைப்பு, வாட்ஸ்அப், பணப் பரிமாற்றம் மட்டும் என்றால் 4 ஜிபியில் பொறுமையோடு ஓட்டலாம். புதிதாக வாங்குபவருக்கு எங்கள் பரிந்துரை 6 ஜிபி. நான்கைந்து ஆண்டு வைத்திருக்க எண்ணினால் 8 ஜிபி. ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கும் 8 ஜிபி வேண்டும். 6 ஜிபி உள்ள ஐஃபோன் 15இல் அவை கிடைக்கவில்லை, 8 ஜிபி உள்ள 15 புரோவில் கிடைத்தன. 12 ஜிபிக்கு மேல் பெரிய விளையாட்டு ஆடுவோருக்கும் ஃபோனிலேயே வீடியோ வெட்டி ஒட்டுவோருக்கும்தான். ரேமைப் பின்னால் கூட்ட வழியே இல்லை. பல ஃபோன்களில் அது பிராசசர் சில்லின் மேலேயே அடுக்கிப் பற்றவைக்கப்பட்டிருக்கும்.

சேமிப்பகத்துக்குக் கணக்குப் போட்டே முடிவெடுக்கலாம். தயாரிப்பாளர் 1 ஜிபியை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார். இரும எண்ணிக்கையில் அது 107.37 கோடி. ஆகவே 64 ஜிபி, அந்தக் கணக்கில் 59.6 ஆகச் சுருங்கும். அதிலும் இயங்குதளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஐஃபோனில் இடத்தைச் சிக்கனப்படுத்தும் பதிவு வடிவத்திலேயே 4கே வீடியோ, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால், நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும். ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவுக்கு 10 ஜிபி! 128 ஜிபிக்குக் கீழே வாங்க வேண்டாம்.

டேப்லெட்டுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். படம் பார்க்க, பாடம் படிக்க 4 ஜிபி போதும். திரையைப் பிரித்து இரண்டு செயலி ஓட்டவும் ஓவியம் வரையவும் 8 ஜிபி வேண்டும். புரோகிரியேட் போன்ற ஓவியச் செயலிகளில் எத்தனை அடுக்கு வரையலாம் என்பதே நினைவகத்தைப் பொறுத்தது. மலிவான டேப்லெட்டில் ரேமை மட்டும் பார்க்காதீர்கள். சேமிப்பகத்தில் இரண்டு வகை உண்டு, அது இஎம்எம்சியா (eMMC), யூஎஃப்எஸ்ஸா (UFS) என்று கேளுங்கள். இஎம்எம்சியில் ஒரு நேரத்தில் படிக்கவோ எழுதவோ ஒன்றுதான் நடக்கும், யூஎஃப்எஸ்ஸில் இரண்டும் சேர்ந்து நடக்கும். ரேம் தாராளமாக இருந்தும் செயலி திறக்க நேரம் பிடிக்கும் டேப்லெட்டுகளில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

மெமரி கார்டு போட்டு இடத்தைக் கூட்டுவதானால் படம், பாட்டு வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். செயலிகளையும் அதில் வைக்க வேண்டியிருந்தால் செயலி ஓட்டும் வேகத்தைக் குறிக்கும் ஏ1 (A1) அல்லது ஏ2 (A2) குறியுள்ள கார்டு வேண்டும். மிக மலிவான 512 ஜிபி கார்டு போலியாக இருக்கலாம். அளவைப் பெரிதாகக் காட்டும், உண்மைக் கொள்ளளவு தாண்டியதும் கோப்புகள் கெட்டுப்போகும். வாங்கிய அன்றே கணினியில் செருகி எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சோதனை நிரலால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். பிழை காட்டினால் அன்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.