நோன்பும் நோம்பியும்

கோவைப் பக்கத்துக்காரர் யாராவது "எங்க ஊர்ல நோம்பிங்க, கட்டாயம் வந்துருங்க" என்று கூப்பிட்டால், வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போகாதீர்கள். விவரம் தெரியாமல் நான் முதல் தடவை காபி மட்டும் குடித்துவிட்டு மரியாதையாகப் போய் நின்றேன். இலையில் கறிக்குழம்பு விழுந்தது. கொங்கு நாட்டில் நோம்பி என்றால் திருவிழா. மாரியம்மன் நோம்பி, தீவாளி நோம்பி எல்லாம் அந்தக் கணக்குதான்.

நோம்பி என்பது 'நோன்பு' பேச்சில் திரிந்த வடிவம். பட்டினியைக் குறிக்கும் சொல் எப்படி விருந்தில் போய் நின்றது என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தச் சொல் முதலில் பட்டினியைக் குறிக்கவே இல்லை.

நோல், நோன் என்பவை இதன் வேர். பொருள்: பொறுத்தல், தாங்குதல். தாங்குகிறவனுக்குத் திடம் வேண்டும் என்பதால் வலிமை என்ற பொருளும் சேர்ந்தே வரும். திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில் முருகனின் காலை 'மதனுடை நோன்றாள்' என்கிறார் நக்கீரர். நோன் தாள், அதாவது வலிய கால். அங்கே சோற்றுப் பேச்சே கிடையாது. 'உற்றநோய் நோன்றல்' என்று தவத்துக்கு இலக்கணம் சொல்லும் 261ஆம் குறளிலும் நோன்றல் என்றால் வந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்வது.

இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் 160ஆம் குறளைப் பாருங்கள்: 'உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும் இன்னாச்சொல் நோற்பாரின் பின்'. ஒரே வினை இரண்டு தடவை வருகிறது. ஒருவர் பசியை நோற்கிறார், இன்னொருவர் அடுத்தவரின் கடுஞ்சொல்லை நோற்கிறார். வள்ளுவர் முதல் மதிப்பெண் கொடுப்பது இரண்டாமவருக்கு. நோற்றல் என்றாலே உண்ணாமை என்றிருந்தால் 'உண்ணாது' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் பழைய சமணக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமலிருந்து உயிர் விட்டதைச் சொல்வது. அதிலும் 'அனசனம் நோற்ற' என்றுதான் வெட்டியிருக்கிறார்கள். உண்ணாமைக்கு அனசனம் என்ற வடசொல், அதைத் தாங்கியதற்கு நோற்ற என்ற தமிழ் வினை. எது எந்த வேலையைச் செய்கிறது என்று கல்லிலேயே பிரித்துக் காட்டியாயிற்று.

திருப்பாவையில் மார்கழி நோன்புக்கான விதிகளை ஆண்டாள் அடுக்கும்போது 'நெய்யுண்ணோம் பாலுண்ணோம்' என்று சாப்பாட்டில்தான் தொடங்குகிறாள். சில அடி தள்ளி 'தீக்குறளை சென்றோதோம்' என்று வந்துவிடும். குறளை என்றால் கோள். நெய்யை விடுவது சுலபம், கோள் சொல்லாமல் முப்பது நாள் இருந்து பார்த்தால் தெரியும். ரமலானில் புறம் பேசினால் நோன்பின் பலன் போய்விடும் என்று முஸ்லிம் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டுவதும் இதே கதைதான்.

அரபியின் ஸவ்முக்குத் தமிழ் முஸ்லிம்கள் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது, என்னைக் கேட்டால், அருமையான தேர்வு. ஸவ்ம் என்பதற்கும் விலகியிருத்தல், அடக்கிக்கொள்ளுதல் என்றே அடிப்படைப் பொருள். அப்புறம் அதைச் சுற்றி ஒரு சொற்குடும்பமே வளர்ந்தது. நோன்பு வைப்பார்கள், பிடிப்பார்கள், மாலையில் திறப்பார்கள். பிற்பகலில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பது நோன்புக் கஞ்சிக்கு: பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால், முடிந்தால் கொஞ்சம் கொத்துக்கறி. மாதம் முடிந்தால் நோன்புப் பெருநாள். ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாள்தான் என்பதால் இந்த நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, வெயில் மழை எல்லாவற்றையும் பார்த்துவிடும்.

காரடையான் நோன்பு அப்படி நகராது. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளைதான் அதற்கு. "உருகாத வெண்ணெயும் ஓரடையும்" வைத்து 'நோற்றேன்' என்று பெண்கள் சொல்லிச் சரடு கட்டிக்கொள்வார்கள். அந்தப் பழைய வினை இன்றும் வாயில் புழங்குவது இப்படிச் சில இடங்களில்தான். தீபாவளியை ஒட்டிய கேதாரகௌரி நோன்பில்கூட, நோன்பு 'எடுக்கிறோம்' என்பதே பேச்சு.

கிறிஸ்தவர்களிடம் நிலைமை வேறு. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் இயேசு நாற்பது நாள் 'உபவாசமாயிருந்தார்'. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'நோன்பிருந்தார்'. பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் இரண்டும் இல்லை, 'ஒருசந்தி' என்பார்கள். நாளுக்கு ஒரு வேளை உணவு. கறி மீனை விடுவது சுத்தபோசனம்.

சரி, விரதத்துக்குத் தமிழ் என்ன? நோன்புதான். விரதம் என்றால் ஏற்றுக்கொண்ட உறுதி, அதுவும் வயிற்றோடு முடிவதில்லை. மௌன விரதத்தை மௌன நோன்பு என்று தயங்காமல் எழுதலாம். உபவாசத்துக்கு மட்டும் நோன்பு என்று மொட்டையாக எழுதினால் போதாது, உண்ணாநோன்பு என்று எழுத வேண்டும். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு 1956இல் விருதுநகரில் சங்கரலிங்கனார் இருந்து உயிர்விட்டது அதுதான். 'உண்ணாவிரதம்' தப்பில்லை, பாதி தமிழ் பாதி வடமொழி, அவ்வளவே. வினையைப் போடும்போது மட்டும் கவனம்: நோற்றார், நோற்கிறார், நோற்பார். 'நோர்க்கிறார்' என்று ஒரு வடிவம் இல்லை.

சமயபுரத்தில் இந்தச் சொல் எதுவும் தேவைப்படவில்லை. மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக மாரியம்மனே விரதம் இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டும். சுற்றுவட்டாரத்தில் அதற்குப் பெயர் பச்சைப் பட்டினி.