பேக்கப்புக்கு 99 கொடுத்த இரவு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மருத்துவமனை. அங்கே, ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும்படி இரண்டு சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டர். மூன்று நாளாக, சொல்லிவைத்தாற்போல் இரவு இரண்டு மணிக்கு ஒரு சர்வர் விழுந்துகொண்டிருந்தது. "சார், நோயாளி பெயரை அடிக்கும்போதே ஸ்கிரீன் நின்றுவிட்டது. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது" என்று நர்ஸ் போனில் பதறிய குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சர்வர் தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் லாக்கில் காரணம் இருந்தது: கோரோசிங்க்குக்குச் சில விநாடிகள் சி.பி.யூ.வே கிடைக்கவில்லை. சர்வர்களுக்கிடையே டோக்கன் என்ற சிறு செய்தியைச் சுற்றவிட்டு, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்ப்பது அந்த மென்பொருள்தான். டோக்கன் தவறினால் மற்ற சர்வர் இதைச் செத்ததாகக் கொண்டு, டேட்டா கெடாமலிருக்க இதன் மின்சாரத்தையே துண்டித்துவிடும்.

"சீக்கிரம் முடியட்டும் என்று இரவு பேக்கப்புக்கு நிகழ்நேர முன்னுரிமை 99 கொடுத்தேன் அண்ணா" என்றார் அங்கே வேலை பார்க்கும் தம்பி.

லினக்ஸ் இயங்குதளத்தில் சாதாரண வேலைகளுக்கு நைஸ் மதிப்பு உண்டு, -20 முதல் 19 வரை. எண் குறையக் குறைய சி.பி.யூ. பங்கு கூடும்; மற்றவையும் பட்டினி கிடக்காது. 1 முதல் உச்சமான 99 வரை முன்னுரிமையுள்ள நிகழ்நேர வகுப்புகளில் இந்தத் தாட்சண்யம் இல்லை. ஃபிஃபோ வகுப்பில் ஏறிய வேலை, தன்னைவிட உயர்ந்தது வராதவரை, சி.பி.யூ.வைத் தானாக விட்டால்தான் உண்டு. கோரோசிங்க், முறைவைத்து ஓடும் ரவுண்ட் ராபின் வகுப்பில் அதே 99இல் நிற்கிறது. ஃபிஃபோவில் ஏறிய பேக்கப்பின் இழைகள் (ஒரே வேலையின் இணையாக ஓடும் கிளைகள்) சி.பி.யூ.வின் எல்லாக் கோர்களையும் பிடித்துக்கொள்ள, அது காத்துக்கிடந்தது. வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டிய காலத்தில், ஆம்புலன்ஸ் போகும் வழியிலும் லாரியை விட்டதைப் போல. வழக்கமான அமைப்பில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் விநாடிக்கு 50 மில்லி விநாடியைச் சாதாரண வேலைகளுக்கு ஒதுக்கும். நிகழ்நேர வகுப்பிலிருக்கும் கோரோசிங்க்குக்கு அதில் பங்கில்லை.

டோக்கன் காத்திருப்பு நேரத்தைக் கூட்டச் சொல்லி லாக்கே யோசனை தருகிறது. கூட்டினால், உண்மையிலேயே சர்வர் விழும் நாளில் மாற்று எழுந்திருக்கவும் அவ்வளவு தாமதமாகும். மருத்துவமனையில் அதற்கு நான் ஒப்பமாட்டேன். பேக்கப்பை, அவசரமில்லாத பின்னணி வேலைகளுக்கான பேட்ச் வகுப்புக்கு மாற்றி, நைஸ் 19 கொடுத்தோம். முடியக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது, ஆகட்டும்.

ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் பி.எஸ். கட்டளையில், வகுப்பைக் காட்டும் சி.எல்.எஸ். பத்தியைக் கேட்டுப் பாருங்கள். எஃப்.எஃப்., ஆர்.ஆர். என்று வருபவை நிகழ்நேர வேலைகள். வேலைகளைக் கோர்களுக்கிடையே மாற்றும் கெர்னலின் மைக்ரேஷன் இழைகளும் அப்படித்தான் தெரியும், அவற்றைத் தொடவேண்டாம். அந்த வரிசையில் உங்கள் ஸ்கிரிப்ட்டின் பெயர் இருந்தால், எழுதியவரைக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள்.