மெட்ரோ வந்ததும் தட்டி எழுப்பப்படும் பழைய பாத்தியதைகள்

2025 ஆகஸ்டில் பெங்களூரின் மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியதிலிருந்து, அதையொட்டிய ஆனேக்கல் தாலுகா நில ஃபைலோடு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் தருமபுரி, சேலம், வேலூர்ப் பிள்ளைகள். சந்தாபுராவிலோ அத்திப்பள்ளியிலோ முப்பதுக்கு நாற்பது அடியில் ஒரு சைட், அதாவது வீட்டுமனை, பார்த்திருப்பார்கள். வேலைக்குப் பக்கம், ஊருக்கு பஸ் பிடிக்கவும் பக்கம். உட்கார்ந்ததும் கேட்பது, "விலை ஏறுமா சார்?"

அது வக்கீலிடம் கேட்கிற கேள்வி இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: ஏறும். ஏறுவதுதான் என் கவலையே.

ராகி விளைந்த காலத்தில் அந்த நிலத்துக்காக யாரும் கோர்ட் படி ஏறவில்லை. வக்கீல் ஃபீஸுக்கே கட்டுப்படியாகாது. இன்றைக்கு ஒரு குண்டா, அதாவது 1,089 சதுர அடி, ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பை விழுங்குகிறது. முப்பது வருஷமாகச் சும்மா இருந்த பங்காளி, கட்டிக்கொடுத்துப் போன மகள், கைநாட்டு வைத்தவரின் பேரன் என்று எல்லோருக்கும் இப்போதுதான் அந்த நிலம் ஞாபகத்துக்கு வருகிறது. ஊர் வளர்ந்தால் பத்திரத்தில் இருக்கும் பழுது மறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நான் பார்ப்பது நேர்மாறு.

ஒரு ஃபைலைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். தகப்பன் காலமான பிறகு இரண்டு மகன்கள் சேர்ந்து 2012-இல் லேஅவுட்காரருக்கு நிலத்தை விற்றிருந்தார்கள். புரோக்கர் கொடுத்த வம்ச விருட்சத்தில் தகப்பனுக்குக் கீழே இரண்டே பெயர். வில்லங்கச் சான்று சுத்தம். பேங்க் லோனுக்கும் கொள்கை அளவில் சரி சொல்லியாகிவிட்டது. ஆனால் அதே ஃபைலில், பதிவு மாற்றத்துக்குக் கொடுத்த பழைய மனுவின் மங்கலான ஜெராக்ஸ் ஒன்று இருந்தது. அதில் மூத்த மகனுக்கு மேலே ஒரு பெண்ணின் பெயர், மாலூரில் கட்டிக்கொடுத்ததாகக் குறிப்போடு. 2012 பத்திரத்தில் அந்த அக்காவின் கையெழுத்து இல்லை.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த விற்பனைக்கும் பாகப்பிரிவினைக்கும்தான் விலக்கு. அக்காவிடம் கையெழுத்து வாங்கித் தாருங்கள் என்று விற்பவரிடம் கேட்டோம். அக்கா மாலூரில் சௌக்கியமாகவே இருந்தார். இன்றைய விலையில் தன் பங்கைக் கேட்டார். கேட்காமல் என்ன செய்வார்? வியாபாரம் அங்கேயே நின்றது.

இதைவிடக் கடுமையானது அரசு மானியமாகக் கொடுத்த நிலம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வழங்கப்பட்ட நிலத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் விற்றால், கர்நாடகத்தின் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விற்பனை செல்லாது. நிலம் மீட்கப்பட்டு மானியம் பெற்றவரின் வாரிசுக்கே போகும். நடுவில் எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. அதற்கு மனுப் போடக் கால வரம்பு கிடையாது என்று 2023-இல் திருத்தமும் வந்துவிட்டது. நியாயமான சட்டம்தான், ஏமாற்றிப் பிடுங்கியவனிடமிருந்து மீட்க வந்தது. ஆனால் நஷ்டம் விழுவது கடைசியாக வாங்கியவர் தலையில். ஆகவே பழைய பஹணிகளில், அதாவது நிலத்தின் உரிமை, சாகுபடிப் பதிவேடுகளில், தர்காஸ்து, சாகுவளிச் சீட்டு என்று மானியத்தைக் காட்டும் சொல் எங்காவது தட்டுப்பட்டால், மானியம் யாருக்கு, என்ன நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்ற மூலக் கோப்பைப் பார்க்காமல் நகராதீர்கள்.

நம்மவர்களுக்கு இங்கே இன்னொரு சங்கடம்: காகிதமெல்லாம் கன்னடம். படித்துச் சொல்பவர் புரோக்கர். விற்றால் கமிஷன் வாங்கப்போகிறவரே மொழிபெயர்ப்பாளர் என்றால் பஹணியின் 11-ஆவது கலத்தை அவர் ஏன் நிறுத்தி வாசிக்கப்போகிறார்? கடனும் பிற பாத்தியதைகளும் அங்கேதான் வரும். கன்னடம் படிக்கத் தெரிந்த அலுவலக நண்பர் ஒருவர் போதும், முதல் வடிகட்டலுக்கு. சைட்டில் நின்றபடி கர்நாடக அரசின் நில வரைபடச் செயலியான திஷாங்கைத் திறந்து, சர்வே எண் பத்திரத்தோடு பொருந்துகிறதா, ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள். பி கராப் என்று காட்டினால் அது அரசு நிலம், பேச்சே வேண்டாம்.

'இ-காத்தா இருக்கே' என்பார்கள். காத்தா சொத்து வரிப் பதிவு. உரிமையைத் தருவது அதல்ல. ஊராட்சி எல்லை என்றால் 11-பி படிவமா என்று பாருங்கள், முறையான அனுமதி இல்லாத சொத்துக்குக் கொடுப்பது அது. வெறும் பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு சொந்தம் கொண்டாட முடியாது என்று 2011-லேயே தீர்ப்பு வந்தாயிற்று. பேங்க் லோன் கொடுக்கிறதே என்பதும் சமாதானம் ஆகாது. சைட் போனாலும் இஎம்ஐ உங்கள் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள்.

"நாளைக்கே இதுவும் மாநகராட்சியில் சேரும் சார்" என்பது இந்த வருஷத்து வசனம். சேரட்டும். 2007-இல் 110 கிராமங்கள் பெங்களூரு மாநகராட்சியில் சேர்ந்தன. அவற்றுக்கான காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2024 அக்டோபரில். பதினேழு வருஷம். சந்தாபுராவும் அத்திப்பள்ளியும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. போர்வெல் ஆழத்தையும் கோடைகால டேங்கர் விலையையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள், விற்பவரிடம் வேண்டாம். ஓசூர் வரை மெட்ரோ என்பது ஆய்வு நிலைப் பேச்சு. அதற்கு இன்றே பணம் கட்டாதீர்கள்.

டோக்கன் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் காசோலையாகக் கொடுங்கள். உரிமையில் குறை இருப்பதாக வக்கீல் எழுதிக்கொடுத்தால் முழுத்தொகையும் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். 'இங்கே யாரும் அப்படி எழுதறதில்ல சார்' என்று பதில் வந்தால், காசோலையைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த சைட்டைப் பாருங்கள்.