சாலை மரத்துக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவது?

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓயும் நேரத்தில் பாம்பன், மண்டபம் பக்கம் போனால் சாலையோர மரங்களைப் பாருங்கள். பல மரங்களில் கடல் பார்த்த பக்கத்துக் கொழுந்துகள் கருகி, மறுபக்கம் மட்டும் பச்சையாக இருக்கும். வெயிலின் வேலை என்பார்கள். பெரும்பாலும் உப்பின் வேலை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து இலையில் படிகின்றன. கோடையிலும் ஆடியிலும் இந்தப் பக்கம் மழை அரிது. ஐப்பசி வரும்வரை கழுவிவிட வழியில்லை.

காற்றில் வருவதையாவது மழை கழுவிவிடும். நாமே ஊற்றுகிற உப்புதான் தொல்லை. கடலோர ஊர்களில் மரக்கன்றுக்கு லாரியில் வருவது பல நேரம் உவர்த் தண்ணீர். லிட்டருக்கு 2 கிராம் உப்பு என்று வையுங்கள் (கடல்நீரில் சுமார் 35 கிராம்). தினம் 10 லிட்டர் ஊற்றினால் 100 நாளில் ஒரு குழிக்குள் 2 கிலோ உப்பு போய்விடும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது.

கருவாட்டுக்கு உப்புப் போட்டால் மீனிலிருந்து நீர் கசிகிறதே, அதே இழுப்பு வேருக்கும் உண்டு. மண் ஈரமாக இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. தப்பி உள்ளே போகிற உப்பு, நீரோடு இலை வரை ஏறி அங்கேயே தங்கிவிடும். ஒரு முற்றிய இலையைப் பறித்துப் பாருங்கள்: நடுவே பச்சை, நுனியிலிருந்து விளிம்பு நெடுகப் பழுப்புக் கரை. நீரோட்டம் முடிகிற இடம் அது.

சரி, என்ன செய்யலாம்? தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, சில நாளுக்கு ஒருமுறை குழி நிறைய ஊற்றுவது மேல். மேலே தேங்கிய உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். இங்குள்ள மணல் மண்ணில் இது சுலபம்; களிமண்ணில் எளிதில் இறங்காது. புதுக் கன்றுக்கு மட்டும் இடைவெளி குறைவாக இருக்கட்டும், மணல் சீக்கிரம் காய்ந்துவிடும். சருகையும் பனையோலையையும் மூடாக்காகப் போட்டால் ஆவியாவதும் குறையும். தூரைச் சுற்றி சிமெண்டு பூசிவிட்டால் இதெல்லாம் வீண். ஐப்பசி மழைகூட உள்ளே இறங்காது, வேருக்குக் காற்றும் போகாது. அழகுக்காகப் பூசுகிறார்களாம்!

மரத்தேர்வில் எனக்குக் குழப்பமே இல்லை. புன்னையும் பூவரசும் கடற்கரையிலேயே வளர்ந்து பழகியவை. புன்னையின் தடித்த, வழுவழுப்பான இலையில் உப்புத்துளி எளிதில் ஊடுருவாது. கடலை ஒட்டிய முதல் வரிசைக்கு அவை போதும். மற்ற நிழல் மரங்களை உள் தெருக்களில் வைக்கலாம்.