தொண்டைக்குழியிலிருந்து ஒரு நூல்

"மாடலைப் பார்த்து நிற்கும் உருவம் வரைகிறேன். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் விழப்போவது போலவே தெரிகிறதே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

புவியீர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அடித்தளத்துக்குள் விழுந்தால் பொருள் நிற்கும், பள்ளியிலேயே படித்ததுதான். மனித உடலில் அந்த மையம் ஏறக்குறைய இடுப்பு மட்டத்தில் இருக்கிறது.

எடையை வலது காலில் ஏற்றி, இடது முழங்காலைத் தளர்த்தி நின்று பாருங்கள். இடுப்பெலும்பின் விளிம்புகளில் கை வைத்தால், வலப்பக்கம் ஏறி இடப்பக்கம் இறங்கியிருப்பது விரலுக்கே தெரியும். முதுகெலும்பும் அந்தச் சரிவோடு போனால் உடல் இடப்பக்கம் கவிழ்ந்துவிடும். அதனால் அது வலப்பக்கமாக வளைந்து, மார்புக்கூட்டை, எடை தாங்கும் காலுக்கு மேல் கொண்டுவருகிறது. வலது தோள் தாழ்கிறது. வலது விலாவின் கீழே தோல் மடிகிறது. இடது விலாப்புறம் நீண்டு இழுபடுகிறது. இத்தனைக்கும் தசைகளுக்குப் பெரிய வேலையில்லை! தொடையின் வெளிப்புறம் ஓடும் தடித்த நார்ப்பட்டை விறைத்து, இடுப்பை அதற்குமேல் சரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தொன்மையான கிரேக்க இளைஞர் சிலைகள் ஒரு காலை முன்வைத்தும் இடுப்பு சமமட்டமாகவே நிற்கும். கி.மு. 480 வாக்கில் செதுக்கப்பட்டு, ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றில் கிடைத்த 'கிரிட்டியோஸ் சிறுவன்' சிலையில் இடுப்பு மெல்லச் சரிகிறது. கல்லுக்கு எடை வந்துவிட்டது. பிறகு கிரேக்கச் சிற்பி பாலிக்ளீட்டஸ் தம் 'ஈட்டி ஏந்தியவன்' சிலையில் தோளையும் எதிர்ப்பக்கம் சாய்த்தார். இத்தாலியர்கள் இந்த நிலையைக் கான்ட்ரபோஸ்டோ என்றார்கள்.

இதைக் கற்பிக்கவே ஓவியப் பள்ளிகள் உடற்கூறியலைச் சேர்த்தன. லண்டன் ராயல் அகாடமி, 1768இல் தொடங்கியபோதே வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவரைப் பேராசிரியராக அமர்த்தியது. அதே அகாடமி, 1860இல் பெண்களைச் சேர்த்துக்கொண்ட பிறகும் 1893 வரை மாடல் வகுப்புக்குள் அவர்களை விடவில்லை. உடலைப் பார்க்கவிடாமல் உடலை வரையச் சொன்னது பெரிய அநீதி. இன்று கலைப் பாடத்திட்டத்தில் உடற்கூறியலுக்கு இடத்தைக் குறைப்பதும் எனக்கு ஒப்புதல் இல்லை.

வாசகரின் சிக்கலுக்கு வருகிறேன். மாடலின் எடை ஒரே காலில் இருக்கும்போது, தொண்டைக்குழிக்கு நேராகத் தூக்குக்குண்டை, அதாவது நூலில் கட்டித் தொங்கவிட்ட எடையை, பிடித்துப் பாருங்கள். முன்னிருந்து பார்க்கையில் நூல் தாங்கும் காலின் கணுக்காலை ஒட்டி இறங்கும். முகத்தில் தொடங்கிப் பாதத்துக்கு வருவதற்குள், பலருடைய தாளில் அந்தக் கணுக்கால் இரண்டு விரற்கடை விலகிப்போயிருக்கும். முதலில் அந்தச் செங்குத்துக்கோட்டைப் போடுங்கள். அதன் அடியில் பாதத்தை வையுங்கள். அடுத்து இடுப்பின் சரிவு. முகம் கடைசியில் வரட்டும்.